116 மதிப்பெண் வாங்கிய பூனை

அன்புள்ள தம்பிக்கு,

எட்டாம் வகுப்புக்கான ஆங்கிலப் பத்திகளை இணையக் கருவியில் ஒட்டி, வாசிப்பு எளிமைக்கு என்ன மதிப்பெண் விழுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பதாக எழுதியிருக்கிறாய். நல்ல காரியம். பத்துப் பத்தியில் இரண்டைக் கழித்துக்கட்ட அது உதவும். அதற்கு மேல் நம்பாதே.

இத்தகைய கருவிகள் பலவற்றுக்குள் ஓடுவது ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வகுத்த கணக்கு. இல்லையென்றால் 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காகக் கின்கெய்ட் குழுவினர் அதை வகுப்பு அளவாக மாற்றியது. எண்ணுவது இரண்டே சங்கதி: வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை. ஃபிளெஷ் கணக்கில் 'தி கேட் சாட் ஆன் தி மேட்' என்று போட்டுப் பார், 116 வரும். 'மேட் தி ஆன் சாட் கேட் தி' என்று தலைகீழாகப் போடு. அதே 116தான்!

தமிழ்ப் பாடத்துக்கும் இது ஆகுமா என்று கேட்டிருந்தாய். தாளில் போட்டுப் பார்த்தேன். 'அம்மா வீட்டுக்கு வந்தாள்.' மூன்று சொல். அம்-மா, வீட்-டுக்-கு, வந்-தாள் என்று ஏழு அசை (யாப்பு அசை இல்லை, ஆங்கிலக்காரர் எண்ணுகிற மாதிரி). விடை 6. அந்த அளவுகோலில் 30க்குக் கீழே இருந்தால் பட்டதாரிக்கான நடையாம்! நம் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அசை கூடும், சொல் கூடாது. அதனால் தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

நானும் ஒருமுறை இந்த மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டேன். ஒரு பாடத்தில் 'பிகாஸ்' வந்த இடத்திலெல்லாம் வாக்கியத்தை இரண்டாக வெட்டினேன். மதிப்பெண் ஏறியது. ஊரார் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள் என்று ஒரு வாக்கியம், கிணறு வற்றியது என்று அடுத்தது. "ஏன் சார் கிளம்புனாங்க?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். அந்த 'ஏன்'தான் என் கத்தரியில் போயிருந்தது.

வேறொரு வழி இருக்கிறது, 1953இல் வில்சன் டெய்லர் சொன்னது. ஆங்கிலப் பத்தியில் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் அழித்துக் கோடிட்டுக் கொடு. மாணவர்கள் ஏறக்குறையப் பாதியைச் சரியாக நிரப்பினாலே, நீ கூட இருந்தால் அவர்கள் படித்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டித் தவிக்கிறவனை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்.

திங்கட்கிழமையே ஒரு பத்தியில் செய்து பார். எந்தக் கோட்டில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று எனக்கு எழுது.