நெல்லுக்கு வெள்ளத்தைத் தாங்கும் குணம் வந்த விதம்

சம்பா நட்டு ஒரு மாதம் ஆன வயலில் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கிப் பயிரை முழுவதும் மூடிவிட்டால், ஒரு வாரத்துக்கு மேல் சாதாரண ரகங்கள் தாங்குவதில்லை. ஆனால் சி.ஆர். 1009 சப்-1 ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்க்கிறது. ஒரு மரபணு இரட்டித்ததால் வந்த குணம் இது.

இரட்டிப்பது எப்படி?

பயிரின் உயரம், வயது, மணியின் நிறம் முதலியவற்றை நிர்ணயிப்பவை ஜீன்கள் எனப்படும் மரபணுக்கள். இவை தாய்ச் செடியிலிருந்து விதைக்குப் படியெடுத்துச் செல்கின்றன. அப்போது எப்போதாவது ஒரு மரபணு தவறுதலாக இருமுறை பதிந்துவிடுகிறது.

வீட்டில் ஒரே அரிவாள் இருந்தால் அது கதிர் அறுக்கத்தான் வேண்டும். இரண்டாவது ஒன்று கிடைத்தால் அதைக் கொல்லரிடம் கொடுத்து வேறு கருவியாக அடித்துக்கொள்ளலாம். மரபணுவும் அப்படியே. மூல மரபணு பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும். நகலில் மாறுதல் ஏற்பட்டாலும் செடிக்கு நஷ்டமில்லை. பெரும்பாலான நகல்கள் வீணாகிவிடும். எப்போதோ ஒன்று புதிய வேலைக்குப் பயன்படும். எளிய உயிர்களிலிருந்து சிக்கலான உயிர்கள் தோன்றியதில் இத்தகைய நகல்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி 1970-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

நெல்லில் நடந்தது

சப்-1பி, சப்-1சி என்ற மரபணுக்கள் பொதுவாக எல்லா நெல் ரகங்களிலும் உண்டு. சப்-1பி இரட்டித்து வந்த சப்-1ஏ சில ரகங்களில் மட்டுமே இருக்கிறது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ அவற்றில் ஒன்று. இந்த மரபணுவை விஞ்ஞானிகள் 2006-ல் அடையாளம் கண்டனர். பின்னர் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப்-1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது.

நீரில் மூழ்கிய சாதாரணப் பயிர், காற்றைத் தேடி விரைந்து நீள்கிறது. சேமித்த மாவுச்சத்து தீர்ந்து மடிகிறது. சப்-1ஏ உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்து, தண்ணீர் வடிந்ததும் அதைக் கொண்டு துளிர்க்கிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

* இந்தத் தாங்குதிறன் தூர் கட்டும் பருவத்துக்கே உரியது. விதை முளைக்கும்போதும் பூக்கும்போதும் மூழ்கினால் பலன் இராது. கலங்கல் நீரில் தாங்கும் நாட்களும் குறையும்.
* தண்ணீர் வடிந்ததும் இலைகள் அழுகியிருப்பதைக் கண்டு உழுதுவிடக் கூடாது. சில நாள் பொறுத்துக் குருத்தைப் பார்க்க வேண்டும்.
* புதிய இலைகள் தெரிந்த பிறகே யூரியா மேலுரம் இட வேண்டும்.
* சப்-1 ரகமும் பழைய சி.ஆர். 1009 ரகமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சொந்த விதை எடுப்போர் களத்திலும் மூட்டையிலும் கலக்காமல் தனியே வைத்தால் குணம் மாறாது.

விளைச்சல் குறைவென்று ஒதுக்கப்பட்ட நாட்டு நெல்லில்தான் இந்த மரபணு கிடைத்தது. ஆகவே பழைய ரகம் வைத்திருப்போர் ஒரு மரக்கால் விதையாவது அழியாமல் காப்பது நல்லது.