நுரைக்காத தண்ணீரும் அரிக்கும் தோலும்

மதியம் சத்துணவு முடிந்து கை, கால், முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி முழங்கை மடிப்பையும் கழுத்தையும் சொறியத் தொடங்குவாள். பதினைந்து நிமிடத்துக்குப் பாடம் காதில் ஏறாது. பக்கத்தில் இருந்தவர்கள் "சிரங்கு டீச்சர்" என்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் அவளை ஓரத்தில் தனியாக உட்கார வைத்தேன். வசதி அவளுக்கா, மற்றவர்களுக்கா என்று அன்று யோசிக்கவில்லை. இரண்டு வாரத்தில் அவள் கை கழுவுவதையே விட்டுவிட்டாள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் எட்டாம் வகுப்பு அறிவியலில் 'நீர்' பாடம் நடந்துகொண்டிருந்தது. கடின நீர், மென்னீர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கடந்துவிடக்கூடிய பகுதிதான். ஆனால் திண்டுக்கல்லில் இதைப் புத்தகத்திலிருந்து நடத்த வேண்டிய தேவையே இல்லை. நகருக்குள் ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகின்றன. நகரைத் தாண்டினால் குடிப்பதற்கு மட்டும் அந்தத் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் என்று பல வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். எனவே ஆளுக்கு ஒரு பாட்டிலில் வீட்டில் குளிக்கும் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். பள்ளி மாடியில் பிடித்து வைத்திருந்த மழைநீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டோம்.

செய்முறை எளிது. குளியல் சோப்பைச் சீவி, மழைநீரில் கரைத்துக் கரைசல் தயாரிக்க வேண்டும். ஒரே அளவுள்ள பாட்டில்களில் ஐம்பது மில்லி தண்ணீர், ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டுக் கரைசல், மூடி இருபது முறை குலுக்கல். பின் நுரையின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். இதற்கு ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம், துணி சோப்பு எதையும் எடுக்கக் கூடாது. அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும் என்பதால் சோதனையே கெட்டுவிடும். முதல் முறை ஒரு குழு ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிவிட்டு, "எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணி டீச்சர்" என்று முடிவு எழுதியது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டேன். பிறகு அதுவே பயன்பட்டது.

மழைநீர் நான்கு விரல் உயரத்துக்கு நுரைத்தது. அந்த மாணவி கொண்டுவந்த பாட்டிலில் நுரையே இல்லை. தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பிகள் மட்டும் மிதந்தன. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத் தெளிவை எடுத்துச் சோதித்தபோது நுரை சற்றே கூடியது. சிறிது சலவைச் சோடா சேர்த்ததும் நன்றாகவே கூடியது. கொதிக்க வைத்தால் நீங்குவது கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை. குளோரைடு, சல்பேட் உப்புகளால் வருவது கொதிக்க வைத்தாலும் நீங்காது, சோடாவுக்குத்தான் மசியும். வகுப்பே பாட்டிலைச் சுற்றி நின்றது. "எங்க வீட்டுல எப்பவுமே இப்படித்தான் டீச்சர்" என்றாள் அவள். அந்த வாரத்தில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். மில் வேலைக்குப் போகிறவர், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று கேட்டேன். "குளிக்கிற சோப்பு எங்க போரு தண்ணிக்கு நுரையே வராது டீச்சர். துணி சோப்பு போட்டாத்தான் நுரைக்கும், அழுக்கும் போகும். சின்னப் புள்ளையில இருந்து அதுலதான் குளிப்பாட்டுறேன். இப்ப அதுவா குளிச்சுக்குது" என்றார்.

ஷாம்பு ஊற்றிய குழுவின் முடிவும் இந்தத் தாயின் முடிவும் ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் சோப்பையும் டிடர்ஜென்ட்டையும் வேறுபடுத்தி நாம் நடத்துகிறோம். கடின நீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாகிவிடும், டிடர்ஜென்ட் ஆகாது, ஆகவே கடின நீருக்கு டிடர்ஜென்ட்டே ஏற்றது என்று மாணவர்கள் தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் தருகிறோம். ஏற்றது என்றால் துணிக்கு. தோலுக்கு அல்ல என்ற ஒரு வரியை நான் இத்தனை ஆண்டுகளில் சேர்த்துச் சொன்னதில்லை.

தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உள்ளது, பி.எச். ஏறக்குறைய 5. சோப்புக் கரைசலின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும், சலவைப் பார்கள் அதைவிடக் காரமானவை. மேல்தோலின் செல்களுக்கு இடையே ஈரத்தைப் பிடித்து வைக்கும் கொழுப்பை இவை கரைத்தெடுத்துவிடுகின்றன. கடின நீர் இன்னொரு தொல்லையும் செய்கிறது. அழுக்கு நீக்கும் பொருள் தோலிலிருந்து முழுவதும் கழுவிப் போகாமல் படிந்து நிற்கும். மேலே தண்ணீர் உலர உலரத் தோல் இழுக்கும், வறளும், அரிக்கும். அரித்த இடத்தைச் சொறிந்தால் அது புண்ணாகும். பழி மட்டும் தண்ணீர் மேல் விழும்.

அதற்காக எல்லா அரிப்பையும் சோப்பின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். சிரங்கில் அரிப்பு இரவில்தான் கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று பொரிகள் தெரியும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். அது தண்ணீரால் வருவதில்லை, ஒரு நுண்ணிய பேனால் வருவது. மருத்துவர் தரும் மருந்தை வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசினால் தீரும். வட்டமாக விளிம்பு தடித்துப் பரவினால் படர்தாமரை. ஓடியாடி வியர்த்ததும் சிறுசிறு தடிப்புகள் வந்து ஒரு மணி நேரத்தில் மறைந்தால் அது வெப்பத்தால் வரும் தடிப்பு, வெந்நீர்க் குளியலிலும் அதே போல் வரும்.

இவை எதுவும் இல்லாமல், தண்ணீர் பட்டதாலேயே அரிப்பு வருபவர்களும் உண்டு. தண்ணீர் பட்ட இடத்தில் தடிப்பு வரும் அரிய ஒவ்வாமையை 1964இல் அமெரிக்க மருத்துவர்கள் ஷெல்லியும் ராவ்ன்ஸ்லியும் முதலில் விவரித்தார்கள். தடிப்போ பொரியோ எதுவுமே தெரியாமல், குளித்த சில நிமிடங்களில் ஊசி குத்துவதுபோல் அரிக்கும் நிலையும் உண்டு. 1985இல் ஸ்டெய்ன்மன், கிரீவ்ஸ் என்ற இருவர் அதைத் தனி நோயாக வரையறுத்து எழுதினார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் "மனப்பிரமை" என்ற பெயரே இவர்களுக்கு முதலில் கிடைக்கும். நம் ஆசிரியர் அறையில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் யாருக்காவது புதிதாக இப்படித் தொடங்கினால் இரத்தப் பரிசோதனை அவசியம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உற்பத்தியாகும் இரத்த நோய் ஒன்றில், குளித்தபின் வரும் அரிப்பு முதல் அறிகுறியாக இருக்கலாம். வெந்நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று குளிர்ந்த நீருக்கு மாறிச் சமாளித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடக் கூடாது.

நம் மாணவிக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்த்துவிட்டு வறட்சியால் வந்த கரப்பான், ஒட்டாது என்று சொன்னார். அந்த "ஒட்டாது" என்ற சொல்லை அவரே வகுப்பில் சொல்லட்டும் என்று, ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பள்ளிக்கு வந்த நாளில் கேட்டுக்கொண்டோம். கரப்பான், சிரங்கு, பூஞ்சைத் தொற்று மூன்றுமே அந்தக் குழு பார்க்க வேண்டிய பட்டியலில் உள்ளவைதான். உயரம், எடை பார்ப்பதோடு முடித்துக்கொள்ளாமல் தோலையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டில் செய்த மாற்றங்கள் செலவில்லாதவை. துணி சோப்பு நின்றது. குளியல் சோப்பும் அக்குள், இடுப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். ஐந்து நிமிடக் குளியல், வெதுவெதுப்புக்கு மேல் சூடு கூடாது, நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் கடைசியாக ஒரு சொம்பு அந்தத் தண்ணீர். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெய். இதில் நேரம் முக்கியம், உலர்ந்தபின் பூசினால் பாதிப் பலன்தான். சீருடையைக் கூடுதலாக ஒரு முறை அலச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கடின நீரில் துணியிலும் சோப்பு தங்கிவிடும்.

தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கலாமா என்று அவள் அப்பா கேட்டார். இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள். கருவி வைத்த வீடுகளில் கரப்பான் கூடுதலாகக் குறையவில்லை. கடன் வாங்கி அதை வாங்க வேண்டாம் என்றேன்.

இதற்குள் வகுப்பில் வேறொரு கேள்வி கிளம்பிவிட்டது. இந்தத் தண்ணீர் ஏன் இப்படி? இங்கே கடினப் பாறை நிலம், பாறை வெடிப்புகளில் தேங்கும் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைவது இயற்கை. ஆனால் திண்டுக்கல்லுக்குப் பூட்டைப் போலவே தோலும் பழைய தொழில். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கும் உப்பு, பதனிடும் குரோமியம் எல்லாம் கழிவு நீரோடு நிலத்தில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில் நம் மாவட்டமும் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பு அதில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சராசரியாக 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதில் உள்ளது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது இந்த வழக்கில்தான். சமூக அறிவியல் ஆசிரியரையும் அந்த வாரம் வகுப்புக்கு அழைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் மாணவர்களிடம் அழுத்திச் சொன்னேன். உப்புக் கரிப்பும் கடினத்தன்மையும் ஒன்றல்ல. மழைநீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் குலுக்கினால் நுரை வரத்தான் செய்யும். நுரை குறைவதை வைத்து ஆலைக் கழிவு என்று தீர்மானிக்க முடியாது, குரோமியத்தை நம் பாட்டில் காட்டவே காட்டாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 600 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அவள் தோல் முழுவதும் ஆறிவிடவில்லை. பனிக்காலத்தில் மறுபடி வறண்டது. இப்போது இரண்டாம் பெஞ்சில், பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பையில் ஒரு சிறு எண்ணெய்ப் பாட்டில் இருக்கும், கை கழுவியதும் இரண்டு சொட்டு. போன வாரம் அவளும் இன்னும் மூன்று பேரும் தங்கள் தெருவின் ஆறு போர்களிலிருந்து தண்ணீர் பிடித்து, தேதி, ஆழம், நுரை அளவு எழுதி ஒட்டிக்கொண்டுவந்தார்கள். நுரை மிகக் குறைந்த இரண்டையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பத் தலைமையாசிரியர் கடிதம் தந்திருக்கிறார்.