கையெழுத்தில்லாத ஆட்டோபைலட்

சட்ட ஆலோசனை: கேள்வி - பதில்

கேள்வி: ஹூஸ்டன் அருகே வசிக்கிறேன். 1978-ஆம் ஆண்டு செஸ்னா 172 விமானம் ஒன்று சொந்தமாக இருக்கிறது. சென்ற ஆண்டு ஜனவரியில், பேனலைப் புதுப்பிக்க ஓர் ஏவியானிக்ஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு கார்மின் ஜி5, ஜிடிஎன் 650, புது டிரான்ஸ்பாண்டர், ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட் எல்லாம் சேர்த்து 41,000 டாலர் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இரண்டு மாத வேலை ஐந்து மாதமானது. ஜூனில் 53,400 டாலருக்கு பில் வந்தது. 44,000 கொடுத்துவிட்டேன். "எடுத்துட்டுப் போங்க, பேப்பர் பின்னாடியே வரும்" என்று சாவியைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து 11 மாதமாக ஓட்டுகிறேன். ஆட்டோபைலட்டைப் போட்டால் மூக்கு ஏறி ஏறி இறங்குகிறது. இரண்டு முறை திரும்பக் கொண்டுபோனேன், சரியாகவில்லை. லாக்புக்கில் இன்னும் எதுவும் எழுதித் தரவில்லை. இப்போது ஆண்டுச் சோதனைக்கு வந்த மெக்கானிக், பேப்பர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மீதி 9,400 டாலரைக் கொடுத்தால் போன ஜூன் தேதியிலேயே எழுதித் தருவதாகவும், கொடுக்காவிட்டால் விமானத்தின் மேல் லீன் போடுவதாகவும் கடைக்காரர் சொல்கிறார். கொடுத்த பணம் முழுவதையும் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாமா? கழற்றிய பழைய ரேடியோக்களையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டெக்சாஸ்

பதில்: உங்கள் கடிதம் ஐந்து பக்கம். இட நெருக்கடியால் மேலே சுருக்கியிருக்கிறேன். மூக்கு ஏறி இறங்குவதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். வழக்கைத் தீர்மானிக்கப் போகும் விஷயத்துக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள்: லாக்புக்கில் எதுவும் எழுதித் தரவில்லை.

அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து விதிகளில் 91.407 என்றொரு பிரிவு உண்டு. பராமரிப்போ மாற்றமோ செய்த விமானத்தை, அதற்கு அதிகாரம் பெற்றவர் "மீண்டும் பறக்கலாம்" என்று ஒப்புதல் தந்து, அது பதிவேட்டிலும் எழுதப்பட்ட பிறகுதான் இயக்கலாம். இந்தத் தடை ஓட்டுகிறவருக்கு. எழுத வேண்டிய கடமையைக் கடைக்காரர் மேல் வைப்பது 43.9. என்ன வேலை செய்தேன், என்றைக்கு முடித்தேன், யார் கையெழுத்து, என்ன சான்றிதழ், அதன் எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் உள்ளங்கை அளவு ஸ்டிக்கராக அச்சடித்து லாக்புக்கில் ஒட்டிவிடுவார்கள். ஐந்தாறு வரிதான் இருக்கும். 53,400 டாலர் வேலை சட்டத்தின் கண்ணில் முடிந்ததா என்பது அந்த ஐந்தாறு வரியில்தான் இருக்கிறது.

ஆட்டோபைலட் மாதிரியான பெரிய மாற்றத்துக்கு அதுவும் போதாது. எஃப்ஏஏ, அதாவது மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின், படிவம் 337 வேண்டும். கையெழுத்திட்ட ஒரு பிரதி உங்களுக்கு. இன்னொன்று, விமானம் பறக்கத் தகுதியென்று ஒப்புதல் தந்த 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவகத்துக்கு. அங்கே உங்கள் விமான எண்ணின் கோப்பைக் கேட்டு வாங்கினால், 337 போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். இதை யார் தயவும் இல்லாமல் நீங்களே செய்யலாம். 11 மாதமாகச் செய்யவில்லை. இவற்றோடு திருத்திய எடை-சமநிலைக் கணக்கு, புதிய கருவிப் பட்டியல், பறத்தல் கையேட்டுக்கான இணைப்பு, எஸ்டிசி எனப்படும் துணை வகைச் சான்றிதழின் உரிமையாளர் தந்த எழுத்து அனுமதி ஆகியவையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழைய வேக்குவம் பம்பையும் ஜைரோக்களையும் கழற்றியிருந்தால் விமானத்தின் எடையே மாறியிருக்கும். எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு குடும்பத்தை ஏற்றிப் பறந்தீர்கள்?

கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். விமானம் பறக்கத் தகுதியான நிலையில் இருப்பதற்கு முதல் பொறுப்பு உரிமையாளருடையது என்று 91.403 சொல்கிறது. "கடைக்காரர் சொன்னார், ஓட்டினேன்" என்பது உங்கள் கோபத்துக்கு நியாயமாகலாம், வாதமாகாது. ஊரில் பத்திரம் பதியாத மனைக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வீடு கட்டிக் குடியேறுகிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் நம்மவர்கள், இங்கே வந்து விமான விஷயத்தில் அதையே செய்கிறார்கள். சாவி வாங்கிய அன்றே, "லாக்புக்கைக் காட்டு, 337-ஐக் காட்டு, பிறகு செக் தருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பகுதியில் இன்னொருவர் கேள்விக்கு இடம் கிடைத்திருக்கும்.

ஆனால் பதிவில்லை என்ற இதே குறைதான் உங்கள் கையில் உள்ள பலமான ஆயுதமும். ஆட்டோபைலட் சரியில்லை என்று வழக்குப் போட்டால் கடைக்காரர் ஒரு நிபுணரைக் கூட்டி வருவார். சர்வோ நன்றாகத்தான் இருக்கிறது, எலிவேட்டர் கேபிள் தொய்ந்திருக்கிறது, நாற்பது வருஷத்துக்கு மேலான விமானம், விமானிக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எதையாவது சொல்வார். நீங்களும் ஒரு நிபுணரைக் கூட்டி வர வேண்டும், அவருக்கு மணிக் கணக்கில் ஃபீஸ். பதிவு இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு நிபுணர்களுக்கு வேலையே இல்லை. பழுதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒப்புக்கொண்ட வேலையை முடித்துத் தரவில்லை" என்பதை முன்னால் வையுங்கள்.

முன்தேதி விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: தொடாதீர்கள். பராமரிப்புப் பதிவில் மோசடியாகப் பொய் எழுதுவதும் எழுத வைப்பதும் 43.12-இன்படி சான்றிதழையே ரத்து செய்யப் போதுமான காரணம். போன ஜூன் தேதி போட்ட ஸ்டிக்கருக்கு நீங்கள் 9,400 டாலர் கொடுத்தால், இதுவரை ஏமாந்தவராக இருந்த நீங்கள் கூட்டாளியாகிவிடுவீர்கள். அதன் பிறகு உங்களுக்காக நீதிமன்றத்தில் நிற்க என்னைப் போன்றவர்கள் தயங்குவார்கள். அவர் அப்படிச் சொன்னது குறுஞ்செய்தியிலா, போனிலா? குறுஞ்செய்தி என்றால் அழிக்காமல் வையுங்கள்.

லீன், அதாவது பற்றுரிமை, வெறும் மிரட்டல் இல்லை. டெக்சாஸ் சொத்துச் சட்டம் 70-ஆம் அத்தியாயம் விமானத்தைப் பழுதுபார்த்தவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. பணம் வரும்வரை விமானத்தைத் தன்னிடமே வைத்திருக்கலாம். எஃப்ஏஏ பதிவகத்தில் பதியவும் செய்யலாம், ஆனால் கடைசியாகச் செய்த வேலையிலிருந்து 180 நாளுக்குள். ஜூனில் சாவி கொடுத்ததோடு வேலை முடிந்தது என்றால் அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. இரண்டு முறை திரும்பக் கொண்டுபோனேன் என்கிறீர்களே, அது எந்த மாதம்? அதுதான் கடைசி வேலை, அன்றிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று அவர் வாதிடுவார். தேதியை எழுதாமல் "அப்புறம்", "மறுபடியும்" என்றே கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். டைட்டில் தேடல் ஒன்றைப் போட்டு, லீன் பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள்.

இனி, முழுப் பணமும் கிடைக்குமா? கிடைக்கும் என்று நம்பி வழக்குப் போடாதீர்கள். பழுதுபார்க்கும் வேலையை நல்ல தொழில்முறையில் செய்து தர வேண்டும் என்ற மறைமுக உத்தரவாதம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உண்டு என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. அதை மீறினால் இங்கே டிடிபிஏ எனப்படும் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டத்தின் கீழும் போகலாம். ஆனால் உங்கள் பேனலில் கருவிகள் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன, ஆட்டோபைலட்டைத் தவிர. நீதிமன்றம் பெரும்பாலும் பார்ப்பது, இன்னொரு கடை இதைச் சரிசெய்து, ஆவணங்களோடு முடித்துத் தர எவ்வளவு ஆகும் என்பதைத்தான். புதுக்கடை தான் செய்யாத வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாது. பேனலைத் திறந்து வயர் வயராகப் பார்க்கும். அந்தச் செலவு கணிசமாகவே இருக்கும், அதுதான் உங்கள் இழப்பீட்டின் அடித்தளம்.

41,000 எப்படி 53,400 ஆனது என்பதில் உங்கள் நிலை பலவீனம். எழுத்தில் கொட்டேஷன் இல்லை. இடையில் "அதையும் போட்டுவிடுங்கள்" என்று நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்பதும் கடிதத்தில் இல்லை.

கால வரம்பு: ஒப்பந்த மீறலுக்கு நான்கு ஆண்டு, டிடிபிஏ-வுக்கு இரண்டே ஆண்டு. பின்னதற்கு வழக்குக்கு 60 நாள் முன்பே எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய ஓராண்டைத் தின்றுவிட்டீர்கள். இன்னொன்று, விமானம் உங்கள் பெயரிலா, எல்எல்சி பெயரிலா? எல்எல்சி என்றால் வழக்காட வேண்டியது அந்த நிறுவனம், நீங்கள் அல்ல. 9,400 டாலருக்காகக் கடைக்காரரே முந்திக்கொண்டு ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அங்கே 20,000 டாலர் வரை போகலாம். சம்மன் வந்தால் 14 நாளுக்குள் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். மேசை டிராயரில் போட்டுவிடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஆண்டுச் சோதனை தவறிய விமானம் ஒன்று விமானியின் பிழையால் விழுந்த வழக்கில், அந்தத் தவறுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லாவிட்டால் நிறுவனம் கைவிரிக்க முடியாது என்று 1984-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டு நிம்மதியடைந்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் பதிவில்லாத கருவியே ஆட்டோபைலட், பழுதும் அதில்தான். நாளை ஏதாவது நடந்தால் தொடர்பைக் காட்ட அவர்கள் சிரமப்பட மாட்டார்கள்.

ஆகவே இன்றிலிருந்து அந்த விமானத்தை ஓட்டாதீர்கள். வேறு கடைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் எஃப்ஏஏ வட்டார அலுவலகத்தில் சிறப்புப் பறத்தல் அனுமதி கேட்கலாம், ஃபெரி பெர்மிட் என்பார்கள். ஆனால் அந்த அலுவலகத்துக்கு நடந்ததையெல்லாம் விவரித்து நீங்களாகக் கடிதம் எழுத வேண்டாம். வக்கீல் பார்த்த பிறகு எழுதுங்கள். கடைக்காரர் மேல் புகார் என்று நினைத்து, உங்கள் மேல் நீங்களே எழுதிக்கொள்ளும் வாக்குமூலமாக அது முடியும். "நான் அதிகம் ஓட்டவில்லை" என்று யாரிடமும் சொல்லிவைக்கவும் வேண்டாம். ஹூஸ்டனைச் சுற்றி 2020 ஜனவரி 1 முதல், விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கட்டாயம். உங்கள் புது டிரான்ஸ்பாண்டர் போன இடமெல்லாம் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கூகுள் தேடத் தெரியும்.

பேனலைப் பிரிப்பதற்கு முன் சுயேச்சையான ஒரு கடையிடம், பார்த்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்ததும் வயரிங்கைப் படமெடுக்கச் சொல்லுங்கள். சரிசெய்கிறேன் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும்.

பழைய ரேடியோக்கள் உங்கள் சொத்து, பில்லில் அவற்றுக்குக் கழிவு காட்டியிருந்தால் தவிர. பில்லின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள், நீங்கள் எனக்கு முதல் பக்கத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.

இது கடிதத்தில் கண்டதை வைத்துச் சொல்லும் பொதுவான விளக்கம்தான். இதை நம்பி எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள், என்னை உங்கள் வக்கீலாகவும் கருதாதீர்கள். விமான வழக்குகள் பார்க்கும் டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். போகும்போது பில்லின் எல்லாப் பக்கங்களும், செக் நகல்களும், குறுஞ்செய்திகளும், லாக்புக்கும், திரும்பக் கொண்டுபோன இரண்டு தேதிகளும் கையில் இருக்கட்டும். தேதி நினைவில்லை என்றால், அன்று பெட்ரோல் போட்ட ரசீதைத் தேடுங்கள்.