படம் பார்ப்போம், பேசுவோம்: ‘சென்னா’



கார் பந்தயப் படம் நமக்கெதுக்குன்னு கேட்பீங்க. ஆசிப் கபாடியா 2010ல் எடுத்த ஆவணப்படம் இது. பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னா மூன்று முறை உலக சாம்பியன். நடிப்பு கிடையாது, எல்லாம் அப்போதே எடுத்த காட்சிகள்.

1994 மே மாதம், இத்தாலியில் இமோலா பந்தயம். வெள்ளிக்கிழமை ஒருவர் அடிபட்டார். சனிக்கிழமை ராட்சன்பெர்கர் இறந்தார். போதும், விட்டுவிடு என்றார் டாக்டர் வாட்கின்ஸ். சென்னா கேட்கவில்லை. ஞாயிறு, மே 1, அவரும் இறந்தார். வயது 34.

இந்த இடத்தில் படத்தை நிறுத்துங்க. “அவ்வளவு பெரிய ஆளால், ‘இன்னைக்கு ஓட்டமாட்டேன்’னு ஏன் சொல்ல முடியலை?” என்று கேளுங்க. சூளை வேலைக்குப் போறவங்களை முதலில் பேச விடுங்க.

ஓட்டுநர்கள் சங்கம் 1982லேயே கலைந்திருந்தது. அதைத் திரும்பத் தொடங்கணும்னு சென்னா மற்றவர்களிடம் பேசியது, இறந்த அன்று காலையில்தான்! இரண்டே வாரத்தில் மொனாக்கோவில் சங்கம் மறுபடி கூடியது. பாதுகாப்பு விதிகளும் பந்தயப் பாதைகளும் மாறின. படம் முடிந்ததும் இதை எடுத்துச் சொல்லணும்.

படத்தில் பெரும்பாலும் ஆங்கிலமும் போர்ச்சுகீசும்தான். அதனால் நடத்துறவங்க முன்னாடியே ஒரு தடவை பார்த்துடுங்க. விபத்துக் காட்சிகள் இருக்கு, சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம்.