வீடு பள்ளியானால் விடை திருத்துவது யார்?



விஞ்ஞானம் என்றதும் ராக்கெட்டும் ரோபோவும்தான் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. இரண்டு பென்சில் பேட்டரியும் ஒரு சின்ன விளக்கும் படிக்காத வீட்டில் என்ன செய்யும் என்பதை, டிப்ளமோவில் கற்ற அளவுக்கு நான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் படிப்பு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே சொல்லித் தருவதை வீட்டுவழிக் கல்வி என்கிறார்கள். பெரிய நகரங்களில் சில குடும்பங்கள் இதை விரும்பியே ஏற்கின்றன. அந்தப் பிள்ளைகள் 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகத் தேர்வு எழுதலாம். அங்கே பெற்றோர் படித்தவர்கள். தப்பு போட்டால் திருத்த ஆள் உண்டு.

வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை, பாலாற்றை ஒட்டிய நம் தோல் ஊர்களுக்கு அது கேட்காமலே வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. என் தங்கை ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்கு வந்தவள், மூன்றாம் வகுப்புக்குத்தான் திரும்பிப் போனாள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து சாயங்காலம் பாடம் நடத்தினார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் டி.வி. பேசும், நாம் சொல்வதைக் கேட்காது. ஆசிரியர் போன பிறகு வீட்டில் யார்? எங்கள் அப்பா டேனரிக்குப் போகிறவர். அம்மா வீட்டிலேயே ஷூ அப்பர் தைப்பவர், ஜோடிக் கணக்கில் கூலி. இருவருக்கும் எழுத்து தெரியாது. இருந்த ஒரே செல்போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தங்கை நோட்டு நிறைய கணக்கு போடுவாள். சரியா தப்பா என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஏழாம் வகுப்பு முடித்த நான் பார்த்தால் உண்டு.

ஆகவே நம் வீடுகளுக்கான கருவி முதலில் செய்யவேண்டியது பாடம் நடத்துவதல்ல, விடை திருத்துவது. இந்த எண்ணம் புதிதல்ல. 1978-இலேயே அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற பொம்மையை வெளியிட்டது. அது ஒரு சொல்லை உச்சரிக்கும், பிள்ளை எழுத்துகளை அழுத்தும், சரியா தப்பா என்று அதுவே சொல்லும். அதற்குள் இருந்தது குரல் எழுப்பும் சில்லு. நமக்கு அவ்வளவு கூட வேண்டாம்.

விடைப்பலகை செய்முறை

ஷூ கம்பெனிகளில் கழிவாகும் இன்சோல் அட்டையில் இடப்பக்கம் எட்டு ஓட்டை, வலப்பக்கம் எட்டு ஓட்டை பஞ்ச் செய்யவும். ஒவ்வொன்றிலும் ஷூ ஐலெட்டை அடிக்கவும். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. அட்டையின் பின்புறம் ஒவ்வொரு கேள்வி ஐலெட்டிலிருந்தும் அதன் சரியான விடை ஐலெட்டுக்கு உறை போட்ட ஒயர் செல்ல வேண்டும். பெயின்ட் பூசிய ஐலெட்டில் கரண்ட் போகாது, உப்புத்தாளால் தேய்க்கவும். பித்தளை ஐலெட்டில் சால்டரிங் பிடிக்கும். அலுமினியத்தில் பிடிக்காது, அதனால் ஒயர் நுனியை அடியில் வைத்து ஐலெட்டை அடித்து இறுக்கவும்.

இரண்டு பென்சில் பேட்டரி சேர்ந்தால் 3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுக்கும். மீதி 1 வோல்ட். கரண்ட் 10 மில்லி ஆம்பியர் போதும். ஓம் விதிப்படி 1-ஐ 0.01-ஆல் வகுத்தால் 100 ஓம் ரெசிஸ்டர். விளக்கும் ரெசிஸ்டரும் சேர்ந்த வரிசைக்குப் பேரலலாக 3 வோல்ட் பஸ்ஸர் ஒன்று. முடிவில் இரண்டு தொடுகம்பிகள். ஒன்றைக் கேள்வியிலும் மற்றதை விடையிலும் வைத்தால், சரியான விடைக்கு விளக்கு எரியும், சத்தம் வரும்.

கவனிக்க வேண்டியவை

1. விளக்கு எரியாவிட்டால் விடை தப்பா, பேட்டரி தீர்ந்ததா? தொடங்கும் முன் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதலில் சொல்லித்தர வேண்டும். அப்போது எரிந்தால் பேட்டரி மேல் சந்தேகம் வராது.

2. ஒரே பலகையில் பத்து நாள் விளையாடினால் பிள்ளை விடையைக் கற்காது, ஓட்டையைக் கற்றுக்கொள்ளும். ஆகவே ஒயர் மாறிய மூன்று பலகைகள் வேண்டும். கேள்வித்தாளும் மாற்றிச் செருகுவதாக இருக்கட்டும்.

3. நம் ஊர்களில் உருது, தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. எண்ணும் படமும் எல்லோருக்கும் பொது. சொற்கள் மட்டும் அந்தந்த வீட்டு மொழியில் இருக்கலாம்.

4. பஸ்ஸரைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். விளக்கைப் பிள்ளை மட்டும் பார்க்கும், சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

இந்த நான்காவதை நான் பக்கத்து வீட்டில் கண்டேன். அந்த அக்காவும் அப்பர் தைப்பவர்தான். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் பலகையைக் கொடுத்தேன். அக்கா தைப்பதை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை. சத்தம் நின்றதும், “இன்னாடி, கூவவே காணோம்? மறுபடி எண்ணிப் பாரு” என்றார். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனாலும் மகளின் படிப்பை அன்று அவர்தான் மேற்பார்வை செய்தார். படிக்காதவர் படிப்பிக்க முடியாது என்று யார் சொன்னது?

இந்தப் பலகை யோசிக்கக் கற்றுத்தராது. ஆசிரியருக்குப் பதிலும் ஆகாது. வாய்ப்பாடு, எதிர்ச்சொல், ஊரும் மாவட்டமும் போன்றவற்றை மனத்தில் நிறுத்த உதவும். அதற்கு மேல் போக விரும்பும் நண்பர்கள் 2005-இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ பலகையால் கேள்விகளைத் தானே மாற்றிக் கேட்கும் கருவி செய்யலாம். ஆனால் கெட்டுப்போனால் அந்தத் தெருவிலேயே சரிசெய்ய முடிகிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

நம் பட்டறையில் மீதமாகும் ஒயரும் ரெசிஸ்டரும் நிறைய உண்டு. ஐலெட் அடிக்கத் தெரிந்த கைகள் நம் வீடுகளில் உண்டு. வரும் விடுமுறையில் மாணவர் பேரவை முன்வந்து தெருவுக்கு ஒரு பலகை செய்து கொடுக்கலாமே! என் பங்குக்கு எங்கள் தெருவை நான் எடுத்துக்கொள்கிறேன்.