பெயரால் கெட்ட முட்டை

சென்ற தவணை விடுமுறையில் சாச்சா தன் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். இரண்டாக வெட்டிய முட்டை. வெள்ளைக்கரு தேயிலைச் சாயத்தின் நிறத்தில் கண்ணாடிபோல இருந்தது. மஞ்சட்கரு கரும்பச்சை. "சீனாவின் நூறாண்டு முட்டை. குதிரையின் சிறுநீரில் ஊற வைப்பார்களாம்" என்றார். பாடசாலை தொடங்கியதும் அதை நான்கைந்து தோழியரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த இரசாயனவியல் ஆசிரியை, "இதை எங்கே படிச்சீங்க மகள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகுதான் தேடிப் படித்தேன்.

அது பெரும்பாலும் தாரா முட்டை. களிமண், சாம்பல், சுண்ணாம்பு, உப்பு, தேயிலைச் சாயம் ஆகியவற்றைக் குழைத்து முட்டையின் மேல் அப்பி, உமியில் உருட்டி வைப்பார்கள். நூறாண்டு அல்ல, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரைதான். சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து வன்காரத்தைத் தருகின்றன. அது ஓட்டின் நுண்துளைகளால் உள்ளே ஊறி, நெருப்பில்லாமலே வெள்ளைக்கருவை இறுகச் செய்கிறது. புரதம் உடையும்போது அமோனியாவும் ஐதரசன் சல்பைட்டும் வெளியாகின்றன. மஞ்சட்கருவின் இரும்போடு சல்பைட்டு சேர்வதால்தான் அந்தக் கரும்பச்சை.

வதந்தியின் வேரும் இங்கேதான் இருக்கிறது. நாட்பட்ட சிறுநீரில் மணப்பதும் அமோனியாவே. தாய்லாந்து மக்கள் அந்த மணத்தை வைத்து 'குதிரைச் சிறுநீர் முட்டை' என்றே பெயரிட்டார்கள். செய்முறையில் குதிரையே இல்லை! நூறாண்டு, ஆயிரமாண்டு என்பவையும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள். பழையதுபோன்ற தோற்றம் கண்டு வைத்திருப்பார்கள்.

சீனர்கள் அதைப் 'பிதான்' என்கிறார்கள். பி என்றால் தோல், தான் என்றால் முட்டை. இன்னொரு பெயர் 'பைன்பூ முட்டை'. நல்ல முட்டையை உரித்தால் பழுப்புக் கருவின் மேல் படிகங்கள் பைன் மரக் கிளைபோலக் கோலமிட்டிருக்குமாம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்தது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். விரைவாகப் பதப்படுத்த ஈய ஒட்சைட்டுச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. ஈயம் நஞ்சு. பயப்பட வேண்டியது அதற்கு. நானோ இல்லாத குதிரையைச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த நாள் இடைவேளையில் தோழியரைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். ஒருத்தி மட்டும் விழித்தாள்.

"நான் உம்மாட்டயும் சொல்லிட்டேனே!"