சிம்பன்சிகளுக்கு இடம் தேடும் தம்பிக்கு



அமெரிக்காவில் சரணாலயங்கள் பல ஒன்றுகூடிச் சிம்பன்சிகளின் மறுகுடியேற்றத்துக்குத் திட்டம் வகுக்கும் குழுவில் உனக்கும் இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய்; மிக்க மகிழ்ச்சி. எங்கெங்கே எத்தனை அறைகள் காலியாக இருக்கின்றன என்ற அட்டவணையோடு தொடங்கப்போவதாகச் சொல்கிறாய். அது வேண்டியதுதான், ஆயினும் அதற்கு முன்னே, எந்த ஜீவன் எதனோடு ஒட்டி உட்காருகிறது, எது எதைக் கண்டால் ஒதுங்கிப்போகிறது என்பதை, அவற்றுக்கு நாள்தோறும் ஆகாரம் கொடுக்கும் பராமரிப்பாளரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்.

2002-ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில், நொடித்துப்போன கூல்ஸ்டன் ஆராய்ச்சிக்கூடத்தின் 266 சிம்பன்சிகளை ஏற்றுக்கொண்ட கரோல் நூன் அம்மையார், தனிக்கூண்டுகளில் கிடந்து சகவாசமே மறந்துபோன அவற்றை அங்கேயே ஒன்றோடொன்று பழக்கிக் குடும்பங்களாக்கிய பிறகே, பிளாரிடாவில் அமைத்த தீவுகளுக்குக் கூட்டங்கூட்டமாக அனுப்பத் துணிந்தார். அந்தப் பிரயாணங்கள் முற்றுப்பெற 2011 ஆயிற்று. அம்மையாரோ 2009-லேயே காலமாகிவிட்டார்.

பழக்கும் விதத்தை நீ அருகிலிருந்து பார்க்கவேண்டும். கம்பிவலையின் இருபுறமும் இரண்டு சிம்பன்சிகள் ஒன்றையொன்று பார்த்தும் பாராமலும் பல நாட்களைக் கழிக்கும். பிறகு ஒருநாள் ஒன்று வந்து வலையோரமாக முதுகைக் காட்டி உட்கார, மற்றது வலைக்கண்ணின் வழியே விரல்நுனியை விட்டு மயிரை விலக்கிப் பேன் பார்க்கத் தொடங்கும். அதன் பிறகே கதவைத் திறப்பது. அந்தக் கதவும் ஒன்றாக இருந்தால் போதாது. சண்டை மூண்டால் அடிபடுவது மூலையில் அகப்பட்டுக்கொள்ளாமல் ஓடித் தப்ப, அறைக்கு மறுவழியும் அப்பால் வேறோர் அறையும் வேண்டும். காலி அறைகளை மட்டும் எண்ணும் அட்டவணை, இந்த உபரி இடங்களையும் நிரப்பத்தக்கவையென்று காட்டிவிடும் என்பதே என் அச்சம்.

2019-இல் கலிபோர்னியாவின் வைல்ட்லைஃப் வேஸ்டேஷன் என்னும் காப்பகம் மூடப்பட்டபோது அங்கிருந்த 42 சிம்பன்சிகளையும் ஒருங்கே ஏற்கத்தக்க சரணாலயம் எதுவும் இல்லை. வட அமெரிக்கச் சரணாலயங்களின் கூட்டமைப்பு நிதி திரட்டிப் பல இடங்களுக்கு உதவ, வாஷிங்டன் மாநிலத்துக் கிளீ எலமிலுள்ள சரணாலயம் 2021-இல் சிலவற்றை ஏற்றது. மூடுவதற்கும் புகலிடம் கிடைப்பதற்கும் இடையில் கழிந்த வருஷங்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசு. காப்பிடத்தில் சிம்பன்சி ஐம்பது வயதைக் கடந்தும் வாழக்கூடியது. இருபது வயதுப் பிராணியை ஏற்பவர் முப்பது வருஷத்து உணவையும் வைத்தியத்தையும் ஏற்கிறார். அந்தப் பிராணியைப் பயன்படுத்திக்கொண்ட ஸ்தாபனம் வண்டியேற்றி அனுப்பியதோடு கைகழுவிக்கொள்வது தர்மமன்று என்று சபையிலேயே சொல். உங்கள் சரணாலயங்களுள் ஒன்றே நாளை மூட நேர்ந்தால், அதன் எந்தக் குடும்பம் யாரிடம் போகும், செலவுக்கு யார் என்ன தருவார்கள் என்பதையும் இந்தக் கூட்டம் கலைவதற்குள் எழுத்தில் வாங்கிவிடு.